விதைக்காகப் பரங்கி: டெல்டாவில் முதல்முறை போடுகிறவர்களுக்கு

முதல் வருடம் ஆற்றோரப் படுகையில் ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் பரங்கி போட்டேன். வைகாசியில் காயை எல்லாம் அறுத்து, ஒரே மூச்சில் வெட்டி விதையை வழித்து எடுத்தேன். விதை இரண்டு சாக்குகூட நிறையவில்லை. சதை மட்டும் ஒரு டன்னுக்கு மேல் தென்னந்தோப்பில் குவிந்து கிடந்தது. மாடுகள் ஒரு நாள் ஆசையாகத் தின்றன, மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. மூன்றாம் நாள் தெருவே மூக்கைப் பொத்தியது. பக்கத்துக் கொல்லைப் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கல்யாணச் சாம்பாருக்குப் போற காயையா இப்படிக் கொட்டி வச்சிருக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அடுத்த வருடம் என்னைக் காப்பாற்றியது. அதை ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

உரித்த பரங்கி விதை கடையில் விற்கும் விலையைப் பார்த்துவிட்டு இதில் இறங்க நினைக்கிறீர்கள் என்றால், முதல் படியை மட்டுமாவது படித்துவிட்டு இறங்குங்கள்.

1. காகிதத்தில் கணக்கைப் போடுங்கள்

எனக்குக் கிடைத்த அளவு இது: 100 கிலோ காய்க்கு ஒன்றரை கிலோ காய்ந்த விதை. ஓடு நீக்கினால் அதிலும் கால் பங்குக்கு மேல் கழியும். ஆக, விதையை மட்டும் நம்பினால் செலவே திரும்பாது.

இரண்டாம் வருடம் ஒரு மாவுக்கு ஆன செலவு: உழவு 1,000 ரூபாய், ஒரு டிப்பர் எரு 3,500, குழி வெட்ட, விதைக்க, களை எடுக்க ஆள் கூலி 5,500, விதை 600, உரமும் வேப்பெண்ணெயும் பழ ஈப் பொறியும் 1,900, பக்கத்து பம்புசெட்டில் வாங்கிய தண்ணீர் 1,500. மொத்தம் 14,000.

வரவு: காய் 1,600 கிலோ, கிலோ 9 ரூபாய் வீதம் 14,400. ஓட்டோடு காய்ந்த விதை 24 கிலோ, கிலோ 300 வீதம் 7,200. காய்க் காசு செலவை அடைத்தது, விதைக் காசு கையில் நின்றது. ஐந்து மாத உழைப்புக்கு இது பெரிய தொகை இல்லை. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள். உளுந்து போடும் நிலத்தில் ஒரு ஓரத்தை ஒதுக்கிப் பாருங்கள்.

2. எந்த விதை வாங்குவது

இணையத்தில் தேடினால் "ஓடில்லாப் பரங்கி விதை" என்று ஒன்று வரும். கரும்பச்சை நிறத்தில், உரிக்காமலே தின்னக்கூடிய விதை. ஆஸ்திரியாவில் எண்ணெய்க்காகப் போடும் ரகம் அது. நானும் மயங்கி 40 விதை வாங்கினேன். அது பரங்கியில் பெப்போ என்ற இனம், குளிர்ந்த நாட்டுக்காரன். நம் பங்குனி வெயிலில் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளியது. இலையில் வெள்ளைப் பொடியாகப் படியும் சாம்பல் நோயும், இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டாகும் தேமல் நோயும் மீதியை முடித்தன. நான்கு காய் தேறியது. வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். தாவரத் தொற்றுத்தடுப்புச் சான்று இல்லாமல் விதை இறக்குமதி செய்ய அனுமதி இல்லை.

நம் சந்தையில் கிடைக்கும் பரங்கி பெரும்பாலும் மாஸ்காட்டா என்ற இன்னொரு இனம். வெயில் தாங்கும், விதைக்கு ஓடு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகத்தில் காய் 7 முதல் 8 கிலோ, வயது ஆறு மாதத்தை ஒட்டி. கோ 2 ரகத்தில் காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ, வயது 135 நாள். நான் கோ 2 போடுகிறேன். நாள் குறைவு, காயும் ஒரு ஆள் தூக்க வசதி. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன் இன்னும் சீக்கிரம் வரும், 115 முதல் 120 நாள்.

ஒட்டு வீரிய ரகங்கள் காய்க்கு நல்லவை. ஆனால் அதன் விதையை எடுத்து வைத்து மறுபடி போட்டால் தாயைப்போல் வராது. எந்த விதை வாங்கினாலும் பில்லையும், குவியல் எண் அச்சடித்த காலிப் பையையும் பத்திரப்படுத்துங்கள். முளைக்கவில்லை என்று விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க அது இரண்டும் வேண்டும். விதைத்து மிச்சமான விதையை வறுத்துத் தின்று பார்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கடை விதையில் பூஞ்சாண மருந்து கலந்திருக்கும்.

3. ஐப்பசியிலேயே காகித வேலை

தையில் விதைப்பதற்கு ஐப்பசியில் அலுவலகத்துக்கு அலைய வேண்டுமா என்று நானும் நினைத்தேன். சொட்டுநீர் மானியம் வேண்டுமென்றால் அலையத்தான் வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் உண்டு. கேட்கும் தாள்கள்: சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் தாள்), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் பதிவு), நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று. சிட்டாவைத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு போட வேண்டும். எனக்கு மனுவிலிருந்து குழாய் இறங்க இரண்டரை மாதம் ஆனது. பணி ஆணை கைக்கு வரும் முன்னால் அவசரப்பட்டுக் குழாயை வாங்கிப் போட்டுவிட்டால் மானியம் கிடைக்காது. என் நண்பர் ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. படுகை என்று நாங்கள் சொல்வது ஆற்றுக்கும் கரைக்கும் இடையில் இருக்கும் நிலத்தை. வண்டல் கலந்த மணல்சாரி, பரங்கிக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. ஆனால் அதில் எவ்வளவு பட்டா, எவ்வளவு புறம்போக்கு, எவ்வளவு கோயில் நிலம் என்று உழுபவருக்கே பல சமயம் தெரியாது. குத்தகைக்கு எடுக்கும் முன் புல எண்ணைக் கேட்டு வாங்கிச் சிட்டாவில் பெயரைப் பாருங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையை வைத்துக்கொண்டு மானியமும் வராது, வெள்ள நிவாரணமும் வராது.

இன்னொன்று, கொடி நிலத்தில் இருக்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் "பரங்கி" என்று ஏற்றச் சொல்லுங்கள். சுற்றியுள்ள வயல் எல்லாம் உளுந்தாக இருந்தால் உங்கள் புல எண்ணுக்கும் உளுந்து என்றே விழுந்துவிடும். எனக்கு விழுந்தது. அதைத் திருத்த மூன்று நடை.

4. பட்டம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். விதைக்காகப் போடும் பரங்கிக்கு டெல்டாவில் அது ஒத்துவராது. ஆடியில் மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்தால் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில்தான் தள்ளுவார்கள், படுகை முழுகும். மேட்டு நிலத்தில் போட்டுத் தப்பித்தாலும் காய் முற்றுவது ஐப்பசி கார்த்திகையில். அடைமழையில் எந்த விதையைக் காயவைப்பது?

தை முதல் வாரம் விதையுங்கள். பூ மாசியில், காய் முற்றுவது வைகாசியில், காயவைக்க நல்ல வெயில். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள் என்பதால் வாய்க்கால் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆழ்துளைக் கிணறு சொந்தமாகவோ, தண்ணீர் விலைக்குத் தரும் பக்கத்துக்காரரோ இருக்க வேண்டும்.

5. குழியும் எருவும்

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளி. ஒரு மாவுக்கு சுமார் 330 குழி, ஒவ்வொன்றும் ஒரு அடி நீள அகல ஆழம். குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழு உரம், தழை, மணி, சாம்பல் சத்து 6:12:12 விகிதத்தில் உள்ள கலப்பு உரம் 100 கிராம். குழிக்கு ஐந்து விதை போட்டு, 15 நாள் கழித்து நல்ல கன்று இரண்டை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்க மனசு வராது, ஆனாலும் பிடுங்குங்கள். முப்பதாம் நாள் குழிக்குப் பத்து கிராம் தழைச்சத்து, அதாவது இருபது கிராமுக்குச் சற்று மேல் யூரியா. அதற்கு மேல் போட்டால் கொடி மட்டும் ஓடும்.

திருவாரூர், நாகைப் பக்கத்துக் களிமண்ணில் போடுகிறவர்கள் குழிக்குப் பதில் மேட்டுப்பாத்தி எடுங்கள். பரங்கி வேர் ஒரு நாள் தண்ணீர் கட்டினாலும் பொறுக்காது.

6. பூக்கும் காலம், இங்கேதான் விதை தீர்மானமாகிறது

முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண் பூ மட்டும் பூத்து உதிரும். "கொடி மலடு" என்று பயந்து மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள், அது இயல்பு. பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு ஒட்டியிருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம்.

பெண் பூ எண்ணிக்கையைக் கூட்ட எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி மருந்தைத் தெளிக்கச் சொல்வார்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி, விதைத்த பத்துப் பதினைந்தாம் நாளிலிருந்து வாரம் ஒன்றாக நான்கு முறை. அளவு கூடினால் கொடி குறுகிப்போகும். இயற்கை விவசாயம் என்று சொல்லி விற்கப் போகிறீர்கள் என்றால் இது வேண்டாம்.

காய்க்காகப் போடுகிறவருக்குப் பிஞ்சு பிடித்தால் போதும். நமக்கு அது போதாது. பெண் பூவில் மகரந்தம் எவ்வளவு நிறைய விழுகிறதோ அவ்வளவு விதை நிறையும். குறைவாக விழுந்தால் காய் பார்க்க அழகாக இருக்கும், வெட்டினால் பாதி விதை பருப்பில்லாத பொக்கு. முதல் வருடம் எனக்கு நடந்தது இதுதான். காரணம் நானே, காலை ஏழு மணிக்கு மருந்து அடித்தேன், தேனீக்கள் வரும் நேரம். பரங்கிப்பூ விடியலில் விரிந்து பத்து மணிக்குள் சுருங்கிவிடும். எது தெளிப்பதானாலும் மாலை ஐந்துக்கு மேல் தெளியுங்கள்.

தேனீ நடமாட்டம் குறைவாகத் தெரிந்தால் கையால் சேர்க்கலாம். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ. ஒரு மாவுக்கு இரண்டு பேர் இருந்தால் இரண்டு மணி நேர வேலை.

மார்கழியில் பூ இருக்கிற மாதிரி முன்கூட்டியே விதைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கோலத்துச் சாணிப் பிள்ளையாருக்குப் பூ கேட்டுத் தெருப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கொடுங்கள், ஆனால் நீங்களே பறித்து ஆண் பூவாகக் கொடுங்கள்.

7. பூச்சி, நோய்

சிவப்பு வண்டு கன்றுப் பருவத்தில் இலையைச் சல்லடையாக்கும். காலையில் மந்தமாக இருக்கும்போது கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தேமல் விழுந்த கொடியை யோசிக்காமல் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

பழ ஈப் பொறி வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் "பழ ஈப் பொறி" என்று கேட்டால் மாமரத்துக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பொறியைத் தூக்கிக் கொடுப்பார்கள். பரங்கியைக் குத்தும் ஈ அதற்கு வராது. "க்யூ லூர்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குத்துப்பட்டு உதிர்ந்த பிஞ்சை வரப்பில் எறியாமல் ஆழக் குழியில் புதையுங்கள்.

சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் என்று யாராவது சொல்வார்கள். கொடிக்காய்களுக்குக் கந்தகத்தூளும் தாமிரத்தூளும் ஆகாது, இலை கருகும்.

8. அறுவடையும் பொறுமையும்

காய் வியாபாரி 90-ஆம் நாளே வந்து நிற்பார். கறிக்கு அந்தக் காய் போதும், விதை இன்னும் பால் பருவத்தில் இருக்கும். காம்பு காய்ந்து தக்கை போல ஆகி, தோலில் நகம் இறங்காத நிலை வரும்வரை விடுங்கள். அதுவரை ஒவ்வொரு காய்க்கும் அடியில் கொஞ்சம் வைக்கோல் வைத்தால் ஈரம் தொட்டு அழுகாது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

காம்போடு சேர்த்து வெட்டுங்கள், காம்பு உடைந்த காய் சீக்கிரம் அழுகும். உடனே பிளக்கவும் வேண்டாம். நிழலில், காற்றோட்டமான திண்ணையிலோ மாட்டுக்கொட்டகைப் பரணிலோ இரண்டு மூன்று வாரம் வைத்தால் விதை காய்க்குள்ளேயே இன்னும் நிறையும். முதல் வருடம் நான் அறுத்த அன்றே பிளந்தேன், விதை காய்ந்ததும் தகடாகச் சப்பிவிட்டது.

9. முகூர்த்த நாளைப் பார்த்துக் காயை விடுங்கள்

பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். காயை வெட்டிவிட்டால் சதை இரண்டு நாள்கூடத் தாங்காது. முழுக்காயாக விற்றால் விதையும் போய்விடும். இதற்கு வழி, கல்யாணச் சமையல்காரர்கள். வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் கும்பகோணம், தஞ்சாவூர் மண்டபங்களில் சாம்பாருக்கும் கூட்டுக்கும் பரங்கிக்காய் வண்டி வண்டியாகப் போகிறது. நேராகச் சமையல் காண்ட்ராக்டரைப் பார்த்து, மார்க்கெட் விலையைவிடக் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைத்துத் தருகிறேன், விதையை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். அவருக்கு அது குப்பை.

அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொண்டு மூன்று நான்கு பேரிடம் பேசி வையுங்கள். ஆடி பிறந்தால் கல்யாணம் இல்லை, அதற்குள் எல்லாக் காயும் போக வேண்டும். முகூர்த்தத்துக்கு முதல்நாள் மதியம் காயை இறக்கும்போதே மூடியோடு உங்கள் வாளியையும் கொடுத்து, காய் நறுக்கும் அக்காக்களிடம் நீங்களே பேசுங்கள். நான் முதல்முறை வாளி கொடுக்கவில்லை. விதை கத்தரிக் காம்போடும் காபித்தூள் சக்கையோடும் வந்து சேர்ந்தது. அவர்களுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால் வாளி சுத்தமாக வரும். வாளியை அன்று ராத்திரியே எடுத்துவந்துவிடுங்கள்.

நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசந்தால் அந்தக் காயும் வேண்டாம், விதையும் வேண்டாம். அந்தக் கசப்பு வயிற்றைக் கெடுக்கும் நஞ்சு, சமைத்தாலும் போகாது.

10. கழுவி, காயவைத்து, வறுத்து

சதையும் நாரும் ஒட்டிய விதையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் சுலபமாகக் கழன்றுவிடும் என்பார்கள். வைகாசி வெக்கையில் அது புளித்துவிடும், வறுத்த பிறகும் வாடை தெரியும். வந்த உடனே கழுவுங்கள். மூங்கில் கூடையில் போட்டு, ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்தால் போதும். பெரிய தொட்டியில் போட்டால் பொக்கு மேலே மிதக்கும், ஆனால் நல்ல விதையும் கொஞ்சம் மிதக்கும். அதனால் அங்கே கழிக்காமல், காய்ந்த பிறகு முறத்தில் புடைத்துக் கழியுங்கள்.

செய்தித்தாளில் பரப்பாதீர்கள். மையோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்க இரண்டு நாள் போனது எனக்கு. கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரித்து, முதல் நாள் நிழலில், அடுத்த மூன்று நான்கு நாள் இளவெயிலில் காயவையுங்கள். நடுமத்தியான வெயிலில் சிமெண்டுக் களத்தில் போட்டால் ஓடு வெடித்து, பருப்பின் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வரும். வளைத்தால் வளையாமல் டக்கென்று முறிந்தால் பதம்.

ஓட்டை உரிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நானும் அம்மாவும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து முக்கால் கிலோ உரித்தோம். அன்றோடு விட்டேன். உப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, வடித்து உலர்த்தி, இரும்புச் சட்டியில் இளம் தீயில் வறுத்து ஓட்டோடு விற்கிறேன். வெள்ளரி விதை கொறிப்பதுபோல வாங்கிக் கொறிக்கிறார்கள். வறுக்காத விதை காற்றுப்புகாத டின்னில் மாதக்கணக்கில் இருக்கும், வறுத்ததை ஆறு வாரத்துக்குள் விற்றுவிடுங்கள்.

11. பாக்கெட் போடுவதென்றால்

விளைந்ததை விளைந்தபடி மூட்டையாகக் கடைக்காரரிடம் கொடுக்கும்வரை விவசாயிக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவையில்லை. வறுத்துப் பாக்கெட்டில் அடைத்தால் தேவை. நான் பதிந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு போதும் என்றார்கள், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று கொடுத்து இணையத்தில் நானே போட்டேன், பன்னிரண்டு நாளில் வந்தது. இதே வேலைக்கு ஒரு கணினி மையத்தில் 2,500 ரூபாய் கேட்டார்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கும் அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. தேடும்போது முதலில் வரும் தளங்கள் காசு கேட்டால் மூடிவிட்டு வாருங்கள்.

பாக்கெட்டில் உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, சேர்மானம், பொதி செய்த தேதி, காலாவதி, விலை, சைவப் பச்சைப் புள்ளி, 14 இலக்கப் பதிவு எண் எல்லாம் வேண்டும். சான்று இல்லாமல் ஆர்கானிக் முத்திரையை ஒட்டாதீர்கள். முத்திரை வேண்டுமென்றால் ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து, ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உறுதிச் சான்றுக் குழுவாகப் (PGS) பதிவு செய்யலாம்.

12. அடுத்த வருட விதை

சமையல்காரர் வாளியில் வந்த விதையை விதைக்கப் பயன்படுத்தாதீர்கள். எந்தக் கொடி, எந்த மகரந்தம் என்று தெரியாது. நல்ல கொடிகள் ஐந்தாறைத் தேர்ந்து, மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டையும், வேறு நல்ல கொடியின் ஆண் மொட்டையும் மாலையில் நூலால் கட்டுங்கள். காலையில் அவிழ்த்து, சேர்த்து, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். அந்தப் பிஞ்சின் காம்பில் தேதி எழுதிய துணி நாடாவைத் தளர்வாகக் கட்டி வையுங்கள். பேனாவால் எழுதினால் கோடை மழையில் கரைந்துவிடும், பென்சிலால் எழுதுங்கள். அறுவடைக்கு ஆள் வரும் அன்று காலையிலேயே அந்தக் காய்களை மட்டும் நீங்களே அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். நான் ஒரு வருடம் மறந்தேன், என் விதைக்காய் ஆறும் சாம்பாருக்குப் போய்விட்டது.